இது ஆடுதுங்களே!

கோவையில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடி அறையில் புதிதாக ஒரு சிஎன்சி எந்திரம் வந்து இறங்கியிருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து திருகுகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, மின்சாரம் கொடுத்து, முதல் ஓட்டம் ஓட்டிக்கொண்டிருந்தார். கீழ்வீட்டில் கதவு நிலையைச் சரிசெய்ய வந்திருந்த ஆசாரி சத்தம் கேட்டு மேலே ஏறி வந்தார். எந்திரத்தைச் சுற்றி ஒரு நடை. விலையைக் கேட்கவில்லை. எதையெல்லாம் வெட்டும் என்றும் கேட்கவில்லை. ஓட்டம் நின்றதும், வெட்டும் மோட்டாரின் கழுத்தில் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். பிறகு தன் பக்கம் இழுத்தார்.

"ஏனுங்க, இது ஆடுதுங்களே!"

நண்பரின் முகம் வாடிவிட்டது. அட்டைப் பெட்டியில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு துல்லியம் என்ற பாணியில் என்னென்னவோ அச்சிட்டிருந்தார்கள். நான் அப்போது அதே எந்திரத்தை வாங்கலாமா வேண்டாமா என்று மனக்கணக்கு போட்டுக்கொண்டிருந்தவன். பெட்டி சொல்வது பொய்யா, ஆசாரியின் விரல் சொல்வது பொய்யா? அடுத்த ஒரு மாதம் நண்பரின் எந்திரத்தோடு மல்லுக்கட்டியதில் தெரிந்தது, இரண்டுமே உண்மைதான். இரண்டும் வேறு வேறு விஷயத்தைப் பற்றிப் பேசுகின்றன, அவ்வளவுதான்.

சிஎன்சி என்றால் எண்களைக் கொண்டு எந்திரத்தை நடத்துவது. இதன் பிறப்பு சுவையானது. 1940-களில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவைச் சரியாக வெட்ட, அந்த வளைவின் மேல் நிறையப் புள்ளிகளைக் கணக்கிட்டு ஓர் அட்டவணையாக எழுதிக்கொண்டார்கள். ஒருவர் அட்டவணையை உரக்கப் படிப்பார். இன்னொருவர் கிடையாக நகர்த்தும் கைப்பிடியைத் திருகுவார். மூன்றாமவர் குறுக்காக நகர்த்தும் கைப்பிடியைத் திருகுவார். இந்த மூன்று பேரின் வேலையை எந்திரமே செய்தால் என்ன என்பதுதான் யோசனை. அமெரிக்க விமானப்படையின் பணத்தில் எம்ஐடி ஆய்வகம் அதைச் செய்து 1952-ல் ஊருக்குக் காட்டியது. துளையிட்ட காகித நாடா எண்களைப் படித்தது. நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் அலமாரி அலமாரியாக நின்று கணக்குப் போட்டன.

இன்று நண்பரின் மேசைமேல் நடப்பதும் அதே வாசிப்புதான். கணினி அனுப்பும் வரி ஒன்று இப்படி இருக்கும்: ஜி1 எக்ஸ்30 ஒய்20 எஃப்600. நேர்கோட்டில் போ, கிடையாக 30, குறுக்காக 20 என்ற புள்ளிக்குப் போ, நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் போ என்று பொருள். ஒரு பூவேலைப்பாட்டுக்கு இப்படி லட்சம் வரிகள்கூட வரும்.

அலமாரிகள் எங்கே போயின? 2009-ல் நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் ‘ஜிஆர்பிஎல்’ என்ற நிரலை எழுதி இலவசமாக வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகள் விளக்கு எரியவைத்துப் பழகும் ஆர்டுயினோ பலகையில், வெறும் 2 கிலோபைட் தற்காலிக நினைவகத்தில், அது மூன்று மோட்டார்களையும் ஒருசேர நடத்துகிறது. அதே காலகட்டத்தில் முப்பரிமாண அச்சு எந்திரங்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. அவற்றுக்கென்று கோடிக்கணக்கில் உருவான ஸ்டெப்பர் மோட்டார்களும் திருகுத் தண்டுகளும் சல்லிசாயின. அதனால்தான் ‘3018’ என்று அழைக்கப்படும் சிறு எந்திரம் இன்று ரூ.20,000-ஐ ஒட்டிய விலையில் கிடைக்கிறது. 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் பரப்பில் வேலை செய்யும் என்பதே அந்தப் பெயரின் பொருள். யார் தயாரித்தாலும் ஏறக்குறைய ஒரே வடிவம்.

ஆக, எந்திரத்தின் மூளை மலிந்துவிட்டது. எலும்பு மலியவில்லை. வாங்குகிறவர் புரிந்துகொள்ள வேண்டிய முதல் சங்கதி இது.

முதலில் மூளையின் கணக்கைப் பார்ப்போம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாக வைத்துச் சுற்றும். அதை ஓட்டும் சில்லு ஒவ்வோர் அடியையும் 16 துண்டாக்குகிறது; ஆக ஒரு சுற்றுக்கு 3,200. திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீட்டர் நகர்த்தும். வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 800 அடிகள், அதாவது ஓர் அடி 0.00125 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டியில் அச்சிட்டவர் இங்கிருந்துதான் பேசுகிறார்.

இனி எலும்பு. மோட்டாரைத் தாங்கிக்கொண்டு இடம் வலமாக நகரும் வண்டி, 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு எஃகுக் கம்பிகளின்மேல் ஓடுகிறது. கம்பியின் நீளம் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர். வெட்டும்போது மரம் திருப்பித் தள்ளுகிற விசை 2 கிலோ எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நடுவில் நிற்கும்போது கம்பிகள் எவ்வளவு வளையும் என்பதற்குப் பொறியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் சூத்திரம் உண்டு. போட்டுப் பார்த்தேன்: 0.1 மில்லிமீட்டர். ஓர் அடியின் அளவைப்போல 80 மடங்கு! இது கம்பி மட்டும். பிளாஸ்டிக் தாங்கி, திருகுத் தண்டுக்கும் அதன் மரைக்கும் இடையிலுள்ள தளர்வு, சட்டத்தின் நெளிவு எல்லாம் தனி. ஆசாரியின் விரல் தொட்டது இந்த இடத்தை.

அந்தச் சூத்திரத்தில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. கடையில் நிற்கும்போது அவற்றை நினைவில் வைத்திருந்தால் போதும். கம்பியின் நீளம் இரட்டித்தால் வளைவு 8 மடங்காகும். விட்டம் இரட்டித்தால் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ‘இன்னும் கொஞ்சம் காசு போட்டால் இதைவிடப் பெரிய பரப்பு’ என்று விற்பனைப் பக்கங்கள் ஆசை காட்டும். அதே கம்பியை நீட்டிவிட்டுப் பெரிதாக்கியிருந்தால், கூடுதல் காசு கொடுத்து நீங்கள் வாங்குவது கூடுதல் ஆட்டத்தை. என்னைக் கேட்டால், குறைந்த காசில் பெரிய எந்திரத்தைவிட அதே காசில் சின்ன எந்திரம் மேல். வெட்டும் பிட்டுக்கும் இதே விதிதான். 3 மில்லிமீட்டர் பிட்டை, அதைக் கவ்விப் பிடிக்கும் கோலட்டுக்கு வெளியே 15 மில்லிமீட்டர் நீட்டிப் பிடிப்பதற்கும் 30 மில்லிமீட்டர் நீட்டிப் பிடிப்பதற்கும் எட்டு மடங்கு வித்தியாசம். இதைச் சரிசெய்யச் செலவு ஏதும் இல்லை. பிட்டை உள்ளே தள்ளிப் பிடித்தால் ஆயிற்று.

ஆடுகிற எந்திரத்தில் வேலையே செய்ய முடியாதா? முடியும். ஆனால் இங்கே புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. நானும் செய்தேன். எந்திரம் நடுங்குகிறதே என்று பயந்து நகரும் வேகத்தைக் குறைத்தேன். தேக்குத் துண்டிலிருந்து புகை வாசம் வந்தது. வெட்டிய விளிம்பு கருத்தது. சுருள் சுருளாக வரவேண்டிய மரம் மாவாக வந்தது. காரணம் எளிய பெருக்கல். மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்று. பிட்டில் இரண்டு வெட்டு விளிம்புகள். ஒவ்வொரு விளிம்பும் 0.05 மில்லிமீட்டர் செதில் எடுக்கவேண்டுமென்றால் நிமிடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் நகர வேண்டும். நான் வைத்திருந்ததோ 200. ஒரு விளிம்புக்கு 0.01 மில்லிமீட்டர். அத்தனை மெல்லிய செதிலை அந்த முனையால் சீவ முடியாது, தேய்க்கத்தான் முடியும். தேய்த்தால் சூடு, சூட்டில் மழுங்கல், மழுங்கினால் இன்னும் தேய்ப்பு. போதாக்குறைக்குத் தேக்கில் மணல் இனத்தைச் சேர்ந்த சிலிக்கா இயற்கையாகவே இருக்கிறது. பிட்டின் கூர்மையைத் தின்றுவிடும். வேகத்தைக் கூட்டி, ஆழத்தைக் குறைத்தேன். ஒரு முறைக்கு அரை மில்லிமீட்டர் ஆழம், அவ்வளவுதான். புகை நின்றது. 12 மில்லிமீட்டர் பலகையை அறுத்து எடுக்க எந்திரம் ஒரே கோட்டில் 24 முறை சுற்றி வந்தது.

இப்படித்தான் ஆட்டத்துக்கான விலையை நேரமாகக் கட்டுகிறோம். அந்த நேரம் எவ்வளவு என்பது வாங்கும்முன் பலர் போட்டுப் பார்க்காத கணக்கு. 30-க்கு 18 சென்டிமீட்டர் பலகை முழுக்கப் புடைப்புச் சிற்பமாக ஒரு மயில் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டை முனை கொண்ட 2 மில்லிமீட்டர் பிட், பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு இடையில் 0.2 மில்லிமீட்டர் விலகல். 180-ஐ 0.2-ஆல் வகுத்தால் 900 ஓட்டம். ஒவ்வொன்றும் 300 மில்லிமீட்டர். மொத்தம் 270 மீட்டர். நிமிடத்துக்கு 1 மீட்டர் என்றால் நாலரை மணி நேரம். மயிலின் மேடு பள்ளங்களில் ஏறி இறங்கும்போது அந்த வேகம் கிடைக்காது. அதற்கு முன்னால் பெரிய பிட்டைக் கொண்டு முரட்டு வெட்டு வேறு இருக்கிறது. ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

விலகலை 0.4 ஆக்கினால்? நேரம் பாதி. கோடுகளுக்கு இடையே எஞ்சும் வரப்பின் உயரம் நான்கு மடங்காகும்: 0.005 மில்லிமீட்டரிலிருந்து 0.02-க்கு. உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் காணாமல் போகும் உயரம் அது. 0.1 மில்லிமீட்டர் வளையக்கூடிய கம்பிகளை வைத்துக்கொண்டு 0.005-க்கு ஆசைப்படுவதில் எந்த அர்த்தமும் இல்லை. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு இரண்டு மணி நேரம் மிச்சமாயிற்று.

எங்கள் வீட்டுக்குப் பெயர்ப்பலகை செய்வது என் முதல் வேலையாக இருந்தது. ‘மண்வாசனை’ என்ற பெயர். இந்த ஒரு சொல்லில் ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. எந்திரத்தோடு வந்த மென்பொருளில் தட்டச்சு செய்தால் கடைசி எழுத்தில் ஐகாரக் கொம்பு ‘ன’வுக்குப் பின்னால் போய் நின்றது. தமிழைச் சேர்த்துக் காட்டத் தெரியாத மென்பொருள்கள் இன்னும் உண்டு. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றி எடுத்துக்கொண்டால் தப்பிக்கலாம். அடுத்தது சுழிகள். தட்டை முனைப் பிட்டைக்கொண்டு எழுத்தைக் குழியாக வெட்டினால், மூன்று சுழி ‘ண’வின் முதல் சுழிக்குள்ளே சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய மரத்தீவு ஒன்று தனியாக நிற்கும். இழைக்குக் குறுக்கே பிட் போகும்போது அது பொட்டென்று பெயர்ந்து பறந்தது. தேடி எடுத்துப் பசை வைத்து ஒட்டினேன். ஒட்டியது ஒட்டியதுபோலத்தான் தெரிந்தது.

இதற்கு வி வடிவப் பிட் நல்ல மாற்று. கோடு அகலமாக இருக்கும் இடத்தில் ஆழமாகவும், குறுகும் இடத்தில் மேலோட்டமாகவும் அது போகும். 60 பாகைப் பிட்டாக இருந்தால் 6 மில்லிமீட்டர் அகலக் கோட்டுக்கு 5.2 மில்லிமீட்டர் ஆழம். 90 பாகைப் பிட்டுக்கு 3 மில்லிமீட்டர் போதும். ஆழம் குறைந்தால் விசை குறைவு, விசை குறைந்தால் ஆட்டம் குறைவு. ஆட்டமுள்ள எந்திரத்துக்கு 90 பாகைதான் தோழன். சுவர்கள் சரிவாக இருப்பதால் சுழிக்குள் நிற்கும் தீவின் அடிப்பகுதி பருத்து, பெயராமல் தாங்கியது. மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சுலபம்: ஒரு குத்து, அவ்வளவே.

அப்படியும் மூன்றாவது பலகை பாழாயிற்று. ‘மண்வா’ வரை அழகாக முடித்துவிட்டு அடுத்த எழுத்துக்குத் தாவியது. தாவும்போது 2 மில்லிமீட்டர் மட்டுமே மேலே எழும்படி நான்தான் அமைத்திருந்தேன். பலகையைப் பிடித்திருந்த கிளாம்பின் திருகு அதைவிட உயரம். மோட்டாரின் நட் அதில் முட்டி, அரை நொடி கொரகொரவென்று முனகி, வழுக்கித் தாண்டியது. எந்திரம் கவலைப்படவே இல்லை. ‘ச’ எழுதத் தொடங்கியது, ‘வா’வின் கால்மேல் ஏறிக்கொண்டு. மலிவான எந்திரங்களின் ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. எத்தனை அடி வைக்கச் சொன்னார்கள் என்பது மட்டும்தான் கணக்கில் இருக்கும். அடி தவறினால் தவறியதுதான். மின்வெட்டு வந்தாலும் இதே கதை. வேலைக்கு நடுவே இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணம் போதும். தூசி உறிஞ்சும் குழாயில் சேரும் நிலைமின்சாரம் யுஎஸ்பி தொடர்பைத் துண்டித்துவிடுவதும் உண்டு. அதனால் எந்திரத்தை ஓடவிட்டுத் தூங்கப் போகலாம் என்ற கனவு வேண்டாம். பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர் மூக்கையும் காதையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. எம்டிஎஃப் பலகை என்றால் தூளோடு பசையும் சேர்ந்து வரும். மூடிய பெட்டி, தூசி உறிஞ்சி, முகக்கவசம் மூன்றும் விலைப் பட்டியலில் இருக்காது. ஆனால் உங்கள் செலவில் இருக்கும். பிட், கிளாம்ப், கெட்டுப்போகும் மரம் எல்லாம் சேர்த்து நண்பரின் நோட்டில் முதல் ஆண்டு ஏறிய தொகை எந்திர விலையில் பாதியைத் தாண்டிவிட்டது.

அப்படியென்றால் யார் வாங்கலாம்? என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். மின்சுற்றுப் பலகை செய்கிறவர் வாங்கலாம். செம்புப் படலம் 0.035 மில்லிமீட்டர்தான், பத்தில் ஒரு மில்லிமீட்டர் கீறினால் போதும், விசையே கிடையாது. மேசை மட்டம் கொஞ்சம் கோணினாலும் பலகையின் மேடு பள்ளத்தை எந்திரமே தொட்டு அளந்து சரிசெய்துகொள்ளும் வசதி இலவச மென்பொருளில் உண்டு. கண்ணாடியிழைத் தூள் மட்டும் பொல்லாதது. சின்ன முத்திரை அச்சு, சிறு பலகைக்குள் அடங்கும் அலங்காரம், சாவிக்கொத்து, அன்பளிப்புப் பெயர்ப்பலகை இதெல்லாம் அதன் எல்லைக்குள் வரும். எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கற்க விரும்பும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம், உடைவதும் பாடமே.

கதவில் வேலைப்பாடு, சாமி அறைக்கு ஜாலித் தடுப்பு, கட்டில் தலைமாடு என்று நினைப்பவர் வாங்க வேண்டாம். நம் ஊர்களில் மரக்கடைத் தெருவுக்கு ஒன்றாவது சிஎன்சி கட்டிங் கடை வந்துவிட்டது. அங்கே நிற்பது 4 அடிக்கு 8 அடிப் பலகையை அப்படியே படுக்கவைக்கும் இரும்பு ராட்சசன். பல கிலோவாட் மோட்டார், நிமிடத்துக்கு 24,000 சுற்று. 3018-ன் மோட்டாரோ 100 வாட்டுக்குள் மூச்சு வாங்கும். நமக்கு 24 சுற்று பிடித்த அறுப்பை அது ஒன்றிரண்டு சுற்றில் முடித்துவிடும். கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால், சதுர அடிக்கோ மணிக்கோ கூலி. இடைநிலையில், கையால் பிடித்து ஓட்டும் 700 வாட் டிரிம் ரவுட்டரையே மோட்டாராகப் பொருத்திய கனமான எந்திரங்களும் வருகின்றன. விலை மூன்று நான்கு மடங்காகும். மாதம்தோறும் விற்பதற்கு ஆர்டர் கையில் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

பெரம்பலூர் பக்கம் அரும்பாவூர் சிற்பிகள் செய்வதுபோன்ற சிலையை எதிர்பார்த்து இதை வாங்கினால் ஏமாற்றம்தான். மூன்று அச்சு எந்திரத்தின் பிட் மேலிருந்து மட்டுமே இறங்கும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே உளி வளைந்து நுழைகிற இடத்துக்கு அதற்கு வழியே கிடையாது. இது விலை சம்பந்தப்பட்ட குறை இல்லை. எத்தனை லட்சம் கொடுத்தாலும் மூன்று அச்சு மூன்று அச்சுதான்.

வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பிட்டுக்குப் பாதை போடும் மென்பொருள்கள் எந்திரம் இல்லாமலேயே ஓடும், பல இலவசம். நீங்கள் செய்ய நினைக்கும் முதல் மூன்று பொருள்களை வரைந்து, பாதை போட்டு, எத்தனை மணி நேரம் என்று அது காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை ஒன்றரையால் பெருக்குங்கள். அதே மூன்று கோப்புகளைக் கட்டிங் கடைக்குக் கொண்டுபோய்க் கூலி கேளுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

என் பட்டியலில் ஒரு பெயர்ப்பலகையும், எப்போதாவது ஒரு மின்சுற்றுப் பலகையும்தான் இருந்தன. பெயர்ப்பலகை நான்காவது முயற்சியில் தேறி வாசலில் தொங்குகிறது. எந்திரம் நான் வாங்கவில்லை. பிட்டுகள் மட்டும் என் செலவில் வாங்கி நண்பரின் மாடியில் வைத்திருக்கிறேன்.